பழைய வண்டியும் பழுதுபடாத கையும்

மூன்றாமாண்டு, இளங்கலைப் பொருளியல் மாணவன்

நல்ல மருத்துவர் கிடைப்பது அரிது என்பார்கள். நல்ல ஆசிரியர் கிடைப்பது அதனினும் அரிது என்பார்கள். இந்தப் பட்டியலில் மூன்றாவதாக ஒருவரைச் சேர்க்க விரும்புகிறேன். நல்ல மெக்கானிக் கிடைப்பது அரிதினும் அரிது! அதிலும் அறுபது வயதைக் கடந்த ஒரு மோட்டார் சைக்கிளுக்கு நம்பகமான ஒருவரைத் தேடுவது இருக்கிறதே, அது பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதைவிடக் கடினமான காரியம். நண்பர்கள் நகைக்கலாம். நானும் ஒரு காலத்தில் நகைத்தவன்தான். நாற்பத்தோராயிரம் ரூபாயும் ஓராண்டுக் காலமும் செலவழித்த பிறகே எனக்கு நகைப்பு நின்றது, சிந்தனை பிறந்தது. அந்தச் சிந்தனையை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவத் தோழர்கள் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அப்பாருவின் வண்டி

என் தந்தையின் தந்தையை எங்கள் வீட்டில் ‘அப்பாரு’ என்றே சொல்வோம். அவர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். 1964ஆம் ஆண்டில் பதிவான 350 சி.சி. புல்லட் ஒன்றை 1972இல் இரண்டாம் கையாக வாங்கினார். நள்ளிரவில் எந்த ஊரில் எந்தப் பசு கன்று போட முடியாமல் தவித்தாலும், அந்த வண்டியின் ஓசை கேட்டால் போதும். ‘கம்பவுண்டர் வந்துட்டாருங்க’ என்று லாந்தரைத் தூக்கிக்கொண்டு எதிரே ஓடி வருவார்களாம். 1999இல் அவர் மறைந்தார். அன்று மாட்டுச் சாளையில் நிறுத்தப்பட்ட வண்டி, கோழி அடையும் இடமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. நான் அப்பாருவைப் பார்த்ததில்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வண்டியும், தகரப் பெட்டியில் இருந்த அதன் ஆர்.சி. புத்தகமும்தான். நமது மாநிலம் சென்னை மாநிலமாக இருந்த காலத்தில் பதிவான வண்டி அது. ஆகவே அதன் எண் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும்.

இந்த வண்டியின் வரலாறு சுவையானது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்தது ராயல் என்பீல்டு. 1955இல் அந்த நிறுவனமும் சென்னையின் மதராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து ‘என்பீல்டு இந்தியா’வைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் உருவாயிற்று. தொடக்கத்தில் உறுப்புகளை இறக்குமதி செய்து பூட்டியவர்கள், 1962 வாக்கில் எல்லா உறுப்புகளையும் இங்கேயே செய்யத் தேர்ந்துவிட்டார்கள். 1967இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1977இலோ நம் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று! கற்றுக்கொடுத்தவன் கடையை மூடிவிட்டான். கற்றுக்கொண்டவன் அவனுக்கே பண்டம் அனுப்பினான். வட சென்னைத் தொழிலாளியின் கைத்திறனுக்கு இதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்?

சென்ற ஆண்டின் தொடக்கத்தில் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்து எண்ணாயிரம் ரூபாய்க்குக் கேட்டார். அப்பா தயங்கினார். ‘வித்தர வேண்டாங்கப்பா, நான் ஓட்டிக் காட்டறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். விடுமுறைகளில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துச் சேர்த்த இருபத்திரண்டாயிரம் ரூபாய் என்னிடம் இருந்தது. அந்தத் துணிச்சலில் சொன்ன சொல் அது.

கண்ணாடிக் கதவு

நகரத்தில் ஒரு பட்டறை. அதன் பெயர் இங்கே தேவையில்லை. கண்ணாடிக் கதவு, பளிங்குத் தரை, சுவரெல்லாம் பழைய வண்டிகளின் படங்கள். ‘நாலே மாசம், புது மணமகன் மாதிரி அனுப்பறோம்’ என்றார்கள். பதினையாயிரம் ரூபாய் முன்பணம் கேட்டார்கள். ஒரு சொல் பேரம் பேசாமல் கொடுத்தேன். ரசீதில் ‘வண்டி வேலை’ என்று இரண்டே சொற்கள். என்ன வேலை, எந்த உறுப்பு மாற்றம் என்று அவர்களும் எழுதவில்லை. எழுதச் சொல்லி நானும் கேட்கவில்லை. மீதித் தொகைக்காக அப்பா ஒரு கிடேரிக் கன்றை விற்றார்.

ஆறாம் மாதம் வண்டி வந்தது. மணமகன் போலத்தான் வந்தது. ஆனால் மாப்பிள்ளை வேறு ஆளாகிவிட்டார்! டேங்கின் மேல் கையால் இழுத்திருந்த பொன்னிறக் கோடுகள் மறைந்துவிட்டன. வண்டியோடு பிறந்த அமால் மோனோபிளாக் கார்புரேட்டரைக் காணோம். அந்த இடத்தில் புதுவகை ஒன்று உட்கார்ந்திருந்தது. கழற்றிய உறுப்புகளைக் கேட்டேன். ‘அதெல்லாம் குப்பைங்க, போட்டாச்சு’ என்றார்கள். நாற்பது கிலோமீட்டர் ஓடியிருக்கும். என்ஜினின் அடியிலிருந்து ‘டக், டக்’ என்று சுத்தியல் தட்டுவது போன்ற ஓசை எழுந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாளையில் கன்று கட்டியிருந்த இடத்தை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பொருளியல் சொல்லும் பாடம்

நிற்க. என் சோகத்தைச் சொல்லி இரக்கம் தேடுவது என் எண்ணமன்று. இது ஏன் நேர்கிறது என்பதே கேள்வி. வகுப்பறையில் படித்த ஒன்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. 1970இல் ஜார்ஜ் அக்கர்லாப் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் பழைய கார்ச் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பவனுக்குப் பண்டத்தின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாதவன் நல்லதற்கும் கெட்டதற்கும் சேர்த்து ஒரு நடுத்தர விலைதான் கொடுப்பான். அந்த விலை நல்ல பண்டத்துக்குக் கட்டாது. ஆகவே நல்லது சந்தையை விட்டு வெளியேறும், கெட்டதே எஞ்சும். இந்தச் சிந்தனைக்காக அவருக்கு 2001இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மெக்கானிக் பட்டறைக்கும் இந்த விதி பொருந்தும் அன்றோ? என்ஜினுக்குள் நடந்த வேலை நம் கண்ணுக்குத் தெரியாது, மேற்பூச்சுதான் தெரியும். நாம் மேற்பூச்சுக்குப் பணம் கொடுக்கிறோம். ஆகவே மேற்பூச்சுக்காரர் வளர்கிறார். உள்வேலைக்காரர் பட்டறையைச் சாத்திவிட்டுப் போகிறார். ஏமாற்றுகிறவர்களை நாம் குறை கூறுகிறோம். அவர்களை வளர்ப்பது யார்? கண்ணாடிக் கதவைக் கண்டவுடன் பேரம் பேச மறக்கும் என்னைப் போன்றவர்களே!

லேத் காட்டிய வழி

அப்படியானால் நல்லவரைக் கண்டுபிடிப்பது எப்படி? விளம்பரப் பலகையில் தேடினால் கிடைக்கமாட்டார். கைப்பேசிக் காணொளிகளைப் பார்த்தால் அறிவு கிடைக்கும், ஆள் கிடைப்பதில்லை. எனக்கு வழிகாட்டியவர் ஒரு லேத் பட்டறைக்காரர். என் வண்டியின் சிலிண்டரை மெக்கானிக்குகள் அவரிடம்தான் கொண்டுவந்திருந்தார்கள். அவர் சொன்ன செய்தி என்னைத் திடுக்கிட வைத்தது.

350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். தேய்ந்துவிட்டால் சற்றே கடைந்து, பெரிய பிஸ்டன் போடுவார்கள். 20 சைஸ், 40 சைஸ், 60 சைஸ் என்று மூன்று படிகள். அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு என்று பொருள். ஒவ்வொரு படியும் அந்தச் சிலிண்டருக்கு ஓர் ஆயுள். ‘உங்க சிலிண்டர் இருபதுலயே சரியா வந்திருக்கும் தம்பி. அவங்க கையில அறுபது பிஸ்டன்தான் இருந்துது. அதுக்கே அடிக்கச் சொன்னாங்க’ என்றார். ஒரு பிஸ்டன் கையிருப்பில் இருந்ததற்காக என் வண்டியின் இரண்டு ஆயுள்களை ஒரே நாளில் கடைந்து எறிந்துவிட்டார்கள்!

‘தெரிந்தும் நீங்கள் ஏன் செய்தீர்கள்?’ என்று கேட்டேன். ‘நான் கூலிக்கு அடிக்கறவன். சொன்ன அளவுக்கு அடிக்கறேன்’ என்றார். பிறகு அவரே வருத்தத்தோடு தலைகுனிந்தார். அப்போது அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். ‘நல்ல மெக்கானிக் யார்?’ என்று கேட்கவில்லை. ‘இது உங்கள் சொந்த வண்டியானால் யாரிடம் கொடுப்பீர்கள்?’ என்று கேட்டேன். ஒரு நொடியும் யோசிக்காமல் ஒரு சந்தின் பெயரைச் சொன்னார். ‘அங்கே பாய் இருக்கார். போர்டு கிடையாது. வேப்பமரம்தான் அடையாளம்.’

நண்பர்களே, இந்தக் கேள்வியை மறவாதீர்கள். தொழிலில் யார் எப்படி என்பதை வாடிக்கையாளரைவிட, அதே தொழிலின் அடுத்த கண்ணியில் இருப்பவர் நன்கறிவார். லேத்காரர் எல்லோருடைய வேலையையும் பார்க்கிறார். பழைய உறுப்பு விற்பவர் எவர் எதை வாங்குகிறார் என்பதைப் பார்க்கிறார். அவர்களைக் கேளுங்கள்.

வேப்பமரத்தடியில்

பாய்க்கு வயது எழுபதுக்கு மேல். வண்டியைப் பார்த்ததும் அவர் செய்த முதல் வேலை, விலை சொல்வதன்று; ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கி, என்ஜினில் பொறித்த எண்ணையும் சேசிஸில் பொறித்த எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டாவதாக, ஒரு மரப்பெட்டியைத் திறந்து ஸ்பானர்களை எடுத்தார். அவை விட்வொர்த் ஸ்பானர்கள்.

இதைச் சற்று விளக்க வேண்டும். 1841இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் திருகாணி மரைக்கு ஓர் அளவுமுறை வகுத்தார். அதில் மரையின் கோணம் 55 பாகை. இன்றைய மெட்ரிக் மரைக்கோ 60 பாகை. விட்வொர்த் ஸ்பானரின் மேல் இருக்கும் எண், வாயின் அகலத்தைக் குறிப்பதன்று. போல்ட்டின் விட்டத்தைக் குறிப்பது. பழைய புல்லட்டில் ஆங்கில அளவுகளே மிகுதி. மெட்ரிக் ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். என் வண்டியில் மழுங்கியிருந்த நட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துப் பாய் சொன்னார்: ‘தம்பி, நட்டைப் பார்த்தாலே போதும், எந்தக் கை பட்டுச்சுன்னு தெரிஞ்சுரும்.’

டைமிங் பக்க மூடியைக் கழற்றினார். அங்கே விரல்நுனி அளவில் ஒரு கார்க் சீல் இருக்க வேண்டும். எண்ணெய் பம்பிலிருந்து கிராங்கின் வழியே பிக் எண்டுக்குப் போகும் எண்ணெய் இடையில் கசிந்துவிடாமல் காப்பது அதுதான். சில ரூபாய்ச் சாமான். அது நைந்து கிழிந்து கிடந்தது. என்ஜினை முழுவதும் பிரித்துப் பூட்டியவர்கள் அதை மாற்றவில்லை. பிக் எண்டுக்கு எண்ணெய் போதவில்லை. ஆகவேதான் அந்தச் சுத்தியல் ஓசை. கிடேரிக் கன்றின் விலை முழுவதும் மேற்பூச்சில் கரைந்துபோக, சில ரூபாய்க் கார்க்கில் என்ஜின் கெட்டது!

அடுத்து அவர் சொன்னதுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டிய வாசகம். ‘கிராங்கைப் பிரிச்சுப் புது பிக் எண்டு போட்டு, டயல் வெச்சு ஓட்டம் பார்க்கணும். அதை நான் செய்யமாட்டேன். எனக்குக் கண்ணு மங்கிருச்சு, டயல் முள்ளு தெரியல. அந்த வேலைக்கு வேற ஆளு இருக்காரு, சொல்றேன். மத்ததை நான் பார்த்துக்கறேன்.’

எல்லாம் தெரியும் என்றவரிடம் ஏமாந்தேன். இது எனக்கு இயலாது என்றவரிடம் என் வண்டியை ஒப்படைத்தேன். திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஒரு தனி அதிகாரமே இருக்கிறது. ஆராய்ந்து பார்த்தே ஒருவரை நம்ப வேண்டும் என்பது அதன் கருத்து. அரசனுக்குச் சொன்ன அறிவுரை ஆயினும், அதை மெக்கானிக் பட்டறை வாசலில்தான் நான் உணர்ந்தேன். ஒருவரது திறமையின் எல்லையை அவர் வாயாலேயே கேட்டறிவதுதான் நம்பிக்கையின் முதற்படி என்பது என் துணிபு.

என் குற்றமும் ஒன்று

பிறரைப் பற்றிச் சொன்ன நான் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாய் தம் மூன்று நாள் கூலியாக ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கேட்டார். நான் பேரம் பேசி ஆயிரத்து இருநூறுக்குக் குறைத்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பதினையாயிரத்தை எண்ணி வைத்த இதே கை, வேப்பமரத்தடியில் அறுநூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டது! வேலை முடிந்த நாளில் என் தவறு எனக்கே உறைத்தது. அறுநூறு ரூபாயை நீட்டினேன். ‘அன்னைக்குப் பேசினது அன்னைக்கே முடிஞ்சுது தம்பி’ என்று மறுத்துவிட்டார். கழற்றிய பழைய உறுப்புகள் அத்தனையையும் ஒரு துணியில் கட்டிக் கொடுத்தார். ‘உங்க சாமான், குப்பையில போடறதா இருந்தாலும் நீங்கதான் போடணும்’ என்றார். அந்த மூட்டையை வாங்கியபோது என் கை கூசியது. நம்பகமானவரைத் தேடி அலைந்த நான், அவருக்கு நம்பகமான வாடிக்கையாளனாக இருந்தேனா?

யார் கற்பது?

பாய் ஒன்பது வயதில் தந்தையை இழந்து, பள்ளியை விட்டுப் பட்டறைக்கு வந்தவர். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தும், மண்ணெண்ணெயில் நட்டுகளைக் கழுவியும், அடிபட்டும் கற்றவர். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் பலரின் கதை இதுதான். அந்த வழி மீண்டும் வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 14 வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்த 2016ஆம் ஆண்டுத் திருத்தமும் நாட்டுக்குத் தேவையானவை. பாயின் பேத்தி கணிதம் படிக்கிறாள், அதுவே முன்னேற்றம்.

ஆனால் அந்தப் பழைய வாசல் மூடப்பட்டபோது, அறிவு போய்ச் சேர வேறு வாசலை நாம் திறக்கவில்லை. பாயிடம் இன்று வேலை பழகுவோர் எவருமில்லை. அவர் கண் மங்குவதோடு அந்த மரப்பெட்டியின் பொருளும் மங்கிவிடும். பட்டம் படிக்கும் நாமோ கையில் எண்ணெய் படுவதை இழுக்கென்று எண்ணுகிறோம். கோவை கண்ட அறிஞர் ஜி.டி. நாயுடு, இளமையில் ஓட்டல் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை அக்கக்காகப் பிரித்துப் பூட்டித்தான் பொறியியல் கற்றார். அவருடைய சிலைக்கு மாலை போடுகிறோம். அவர் கையில் படிந்த எண்ணெயை மறந்துவிடுகிறோம்.

சட்டமும் இப்போது பழமையை மதிக்கிறது. 2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாமல் காக்கப்படும் சொந்த உபயோக வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகத் தனியே பதிவு செய்யலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாயும் மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணம்; 10 ஆண்டுக்குச் செல்லும். அவற்றை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கே சாலையில் கொண்டுவரலாம். மூல வடிவம் மாறக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. மூல வடிவத்தை அறிந்த கைகளைக் காப்பாற்ற யார் சட்டம் செய்வது?

என் வேண்டுகோள்

வண்டி வைத்திருக்கும் தோழர்களுக்குச் சில சொற்கள். வண்டியை ஒப்படைக்கும் முன் ஒவ்வோர் உறுப்பையும் படம் எடுத்து வையுங்கள். செய்ய வேண்டிய வேலைகளை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். முதலில் ஒரு சிறிய வேலையைக் கொடுத்துப் பாருங்கள்; பிரேக்கைச் சரி செய்பவரின் ஒழுங்கில் என்ஜினைப் பிரிப்பவரின் ஒழுங்கும் தெரிந்துவிடும். முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடாதீர்கள். கழற்றியதைத் திரும்பக் கேளுங்கள். அதே வேளையில், நேர்மையான கூலியைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். நேர்மை மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று எண்ணுவது நேர்மையன்று.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். நமது மன்றக் கூட்டங்களுக்குப் பேச்சாளர்களை அழைக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். ஓராண்டாவது ஒரு மெக்கானிக்கை, ஒரு லேத் தொழிலாளியை அழைத்து மேடையில் அமர்த்துவோமா? இயற்பியல் மாணவர்கள் விட்வொர்த் மரையைக் கையில் தொட்டுப் பார்க்கட்டும். பொருளியல் மாணவர்கள் நம்பிக்கைக்கு என்ன விலை என்று அவரிடம் கேட்டறியட்டும்.

கிராங்க் வேலை முடிந்து வந்தது. அறுபது சைஸ் சிலிண்டர் அறுபதாகவே இருக்கிறது. தேய்ந்தால் இனி ஸ்லீவ்தான். மோனோபிளாக் கார்புரேட்டர் ஒன்றைச் சென்னைப் புதுப்பேட்டையில் தேடிப் பிடித்தேன். அது அப்பாருவின் கை பட்டதன்று. அந்தக் குறை எனக்கு என்றும் இருக்கும். பாய் ஆம்பியர் மீட்டரின் முள்ளைப் பார்க்கச் சொன்னார். டிகம்ப்ரசரைப் பிடித்து, கிக்கரை மெல்ல இறக்கி, முள் நடுவுக்கு வந்ததும் விட்டு மிதித்தேன். மூன்றாவது மிதியில் வண்டி பேசிற்று. மாலை வீட்டு வாசலில் நிறுத்தியபோது அப்பா வெளியே வந்தார். ‘அப்பாரு வர்ற சத்தமாட்டவே இருக்குது கண்ணு’ என்றார்.

இப்போது ஞாயிறுதோறும் வேப்பமரத்தடிக்குப் போகிறேன். நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவுகிறேன். பாய் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். நாற்பது பக்கம் நிறைந்திருக்கிறது. அவர் வாங்க மறுத்த அறுநூறு ரூபாய்க்கு என்னால் ஆன வட்டி இதுதான். தோழர்களே, உங்கள் ஊரிலும் பலகை இல்லாத ஒரு பட்டறை இருக்கும். தேடிப் போங்கள். அந்தக் கைகள் ஓய்வதற்குள் போங்கள்!